ஊரில் இருக்கும் ஐ.டி.ஐ.யில் ஊருக்கு என்ன உரிமை?

அரசு ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றின் பட்டறையில் லேத் மோட்டார் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தெருவிலேயே காயில் கட்டித் தரும் கடை இருக்கிறது. இரண்டு நாள் வேலை. ஆனால் ஐ.டி.ஐ.யின் முதல்வர் தம் கையெழுத்தில் செலவிடக்கூடிய தொகை சிறியது. அதைத் தாண்டினால் விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும், மேலிடத்துக்குக் கோப்பு போக வேண்டும், நிதியாண்டின் கடைசி மாதங்கள் என்றால் ஒதுக்கீட்டில் பணம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஒரு யூனிட்டின், அதாவது ஒரு பயிற்சி அணியின், இருபது பேரும் மீதமுள்ள லேத்துகளில் முறைபோட்டு நிற்பார்கள். டர்னர் படிப்பில் இயந்திரத்தின் முன் நிற்கும் நேரம்தான் படிப்பு. ஒரு மாதம் போனால் அந்தப் பாடம் போனதுதான்.

அதே ஊரின் நடுநிலைப் பள்ளியைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிக்கும் இடம் உண்டு. அந்தக் குழு நன்றாக நடக்கிறதா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் உட்கார ஒரு நாற்காலியைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். பிள்ளைக்குப் பதினான்கு முடிந்து, பத்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்து, ஐ.டி.ஐ. வாசலுக்கு வந்ததும் அந்த நாற்காலி மறைந்துவிடுகிறது. பெற்றோருக்கும் ஊராட்சிக்கும் அங்கே சட்டப்படி ஒரு சொல்லும் கிடையாது.

இத்தனைக்கும் அரசமைப்புச் சட்டம் வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்கு மாநிலங்கள் கொடுக்கலாம் என்று 29 பொருள்கள் பதினொன்றாம் அட்டவணையில் சேர்ந்தன. 17ஆவது, தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை உள்ளடக்கிய கல்வி. 19ஆவது, வயதுவந்தோர் கல்வியும் முறைசாராக் கல்வியும். இரண்டுக்கும் நடுவே 18ஆவது இடத்தில் இருப்பது தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். 'கொடுக்கலாம்' என்பதுதான் அங்குள்ள வினை. 'கொடுக்க வேண்டும்' என்று எழுதப்படவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த 18ஆவது வரி பெரும்பாலான மாநிலங்களில் அட்டவணையைவிட்டு வெளியே வரவில்லை.

அதிகாரம் எப்படி இறங்கியது, எங்கே நின்றது

ஐ.டி.ஐ.க்கள் இயங்கும் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் மத்திய அரசின் நேரடித் திட்டமாகத் தொடங்கியது. சிவராவ் குழுவின் பரிந்துரையை ஏற்று 1956இல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. அதே ஆண்டில்தான் பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றுக்காக என்.சி.வி.டி. என்ற தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமம் அமைந்தது. ஆக, மேசை நாற்காலியையும் சம்பளப் பட்டியலையும் மாநிலத்திடம் தள்ளிவிட்டு, எதைக் கற்பிப்பது, யார் தேர்ச்சி பெற்றார் என்பவற்றை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. 1969 ஏப்ரல் 1 முதல் நிதிக் கட்டுப்பாடும் மாநிலங்களுக்கு மாறியது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் 'தொழிலாளருக்கான தொழில், தொழில்நுட்பப் பயிற்சி' தொடக்கத்திலிருந்தே பொதுப்பட்டியலில்தான் இருந்தது. 42ஆவது திருத்தம் பள்ளிக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து தூக்கிவந்து அதே 25ஆவது வரியில் சேர்த்தது. கல்வி மாநிலத்தின் கையைவிட்டுப் போனது பற்றித் தமிழ்நாட்டில் நிறையப் பேசியிருக்கிறோம். தொழிற்பயிற்சி முழுமையாக நம் கையில் எப்போதுமே இருந்ததில்லை என்பது அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை.

2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட என்.சி.வி.இ.டி. இப்போது ஒட்டுமொத்தத் தொழிற்கல்விக்கும் மேலிருக்கும் ஒழுங்குமுறை அமைப்பு. பாடத்திட்டமும் அகில இந்தியத் தொழிற்தேர்வும் டெல்லியிலுள்ள பயிற்சித் தலைமை இயக்குநரகத்தின் கையில். கட்டடம், ஆசிரியர் பணியிடம், கலந்தாய்வு, உதவித்தொகை ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை பார்க்கிறது. மாநிலக் குழுமமான எஸ்.சி.வி.டி. வழியாக உள்ளூர்த் தேவைக்கேற்ற தொழிற்பிரிவு நடத்த இடமுண்டு. ஆனால் பிள்ளைகள் அதை இரண்டாம் தரமாகத்தான் பார்க்கிறார்கள். வேலைக்குப் போகுமிடத்தில் 'என்.சி.வி.டி. சான்றா?' என்று தனியாகக் கேட்கும் வழக்கம் அவர்களுக்குத் தெரியும்.

இந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் மூன்றாவதாக ஒரு தளம் 2007இல் கட்டப்பட்டது. பரவலாக்கம் பற்றிப் பேசுபவர்கள் கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

ஐ.எம்.சி.: இரண்டரைக் கோடி ரூபாய்ப் பரிசோதனை

2007-08இல் 1,396 அரசு ஐ.டி.ஐ.க்களைப் பொதுத்துறை - தனியார் கூட்டில் மேம்படுத்தும் திட்டம் வந்தது. கடைசியில் 1,227 ஐ.டி.ஐ.க்கள் அதற்குள் வந்தன. ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் நிறுவன மேலாண்மைக் குழு, சுருக்கமாக ஐ.எம்.சி., ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். மத்திய அரசு, மாநில அரசு, தொழில் கூட்டாளி நிறுவனம் என்று மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும். பிறகு மத்திய அரசு 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடனை மாநிலக் கருவூலம் வழியாகச் சுற்றாமல் நேரே அந்தச் சங்கத்துக்குக் கொடுக்கும். முதல் பத்தாண்டு தவணை கட்ட வேண்டாம். அடுத்த இருபது ஆண்டுகளில் சம தவணைகளில் திருப்பித் தர வேண்டும். மாணவர் சேர்க்கையில் 20 விழுக்காட்டைக் குழுவே தீர்மானிக்கலாம். ஐந்தாண்டுக்கான நிறுவன வளர்ச்சித் திட்டம் ஒன்றை எழுதி, அதில் சேர்க்கை, தேர்ச்சி, வேலைவாய்ப்பு இலக்குகளைக் குறிக்க வேண்டும். கட்டடத்துக்கு உரிமையாளர் மாநில அரசுதான்; நிரந்தரப் பணியாளர் சம்பளமும் மாநிலத்தின் பொறுப்புதான்.

தாளில் இது துணிச்சலான பரவலாக்கம். ஒரு வட்டத் தலைநகரில் இருக்கும் ஐ.டி.ஐ.யின் வங்கிக் கணக்கில் டெல்லியிலிருந்து நேரே கோடிக்கணக்கில் பணம் வருவது அதற்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. ஏன் பல இடங்களில் எதிர்பார்த்த பலன் வரவில்லை என்பதற்கு விடை குழுவின் அமைப்பிலும் பணத்தின் தன்மையிலும் இருக்கிறது.

முதலில் குழு. தலைவர், தொழில் கூட்டாளி அல்லது அவருடைய பிரதிநிதி. உள்ளூர்த் தொழில் துறையிலிருந்து நான்கு பேர். அவர்களையும் முன்மொழிபவர் அந்தக் கூட்டாளியே. மாநில அரசு நியமிப்பது ஐந்து பேர்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர், பயிற்சித் துறையின் பிரதிநிதி, உள்ளூர்க் கல்வியாளர் ஒருவர், மூத்த பயிற்றுநர் ஒருவர், மாணவர் ஒருவர். முதல்வர் உறுப்பினர் செயலர். மொத்தம் 11. இதில் ஊராட்சித் தலைவரோ நகர்மன்ற உறுப்பினரோ இல்லை. பெற்றோர் இல்லை. ஏற்கெனவே அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருக்கும் ஃபிட்டரோ வெல்டரோ இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. 'உள்ளூர்' என்ற சொல்லுக்கு இந்தத் திட்டம் கொண்ட பொருள் 'உள்ளூர் முதலாளி' என்பதுதான். அவரும் பல இடங்களில் உள்ளூர்க்காரராக இருப்பதில்லை. பெரிய நிறுவனம் ஒன்று தொலைவிலுள்ள சில ஐ.டி.ஐ.க்களைச் சேர்த்து ஏற்றுக்கொள்ளும். கூட்டத்துக்கு மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். அந்த நிறுவனத்துக்குத் தேவையான ஆள் நூறு பேர். ஊரில் படிப்பவர்களோ சிறு பட்டறைக்கும், மின்வாரிய ஒப்பந்த வேலைக்கும், வளைகுடாவுக்கும் போகிறவர்கள். சிறு பட்டறைக்காரருக்கு மாலையில் கூட்டம் என்றால் பட்டறையை மூடிவிட்டு வர வேண்டும். அவர் வருவதில்லை.

அடுத்தது பணம். மானியமாக இல்லாமல் கடனாக வந்ததுதான் ஆழமான பிழை என்பது நம் கருத்து. கணக்குப் போட்டுப் பார்த்தாலே புரியும். 2.5 கோடியை இருபது ஆண்டுகளில் கட்டினால் ஆண்டுத் தவணை 12.5 லட்சம். அதே 2.5 கோடியைச் செலவழிக்காமல் 7 விழுக்காடு வட்டியில் வைப்புத்தொகையாகப் போட்டுவைத்தால் ஆண்டுக்கு 17.5 லட்சம் வரும். அரசு ஐ.டி.ஐ.யில் கற்பிப்புக் கட்டணம் ஏறக்குறைய இல்லை. இருபது பேர் கொண்ட யூனிட்டில் குழுவின் பங்கு நான்கு இடங்கள். அதில் கிடைக்கும் வருமானம் சொற்பம். குறுகிய காலப் பயிற்சி நடத்தியும் பட்டறையில் வெளிவேலை எடுத்துச் செய்தும் சம்பாதிக்கலாம் என்று திட்டம் சொன்னது. வெளிவேலை எடுத்தால் பொருள் வாங்க, விலைப்பட்டியல் போட, வரி கட்ட ஆள் வேண்டும். அந்தப் பணியிடம் ஐ.டி.ஐ.யில் கிடையாது. பணத்தைக் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் போட்டால் பத்தாண்டில் இயந்திரம் பழசாகும், கடன் அப்படியே நிற்கும். தவணை கட்டத் தவறினால் கேள்வி வருவது செயலரான முதல்வருக்கு. அந்த நிலையில் எந்தக் கவனமான மனிதரும் பணத்தை வங்கியில் வைத்துவிட்டு வட்டியில் சுண்ணாம்பு அடிப்பார், மேசை வாங்குவார். பல மாநிலங்களில் நடந்தது அதுதான். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். திட்டம் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் அவர்கள் எழுதினார்கள்.

செலவழிக்கத் துணிந்த குழுக்களுக்கும் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அரசுக் கட்டடத்தில் சங்கத்தின் பணத்தில் வாங்கிய இயந்திரம் யாருடைய இருப்புப் பதிவேட்டில் ஏறும்? பழுதானால் எந்தக் கணக்கில் செலவு? இரண்டு கணக்கு, இரண்டு தணிக்கை. கோப்பு போடுகிறவர்கள் இரண்டுக்கும் பயப்படுவார்கள்.

புதிய தொழிற்பிரிவு தொடங்குவது எப்படி

ஊருக்கு உண்மையில் பயன்படும் அதிகாரம் எது என்று கேட்டால் முதலில் வருவது, என்ன தொழிற்பிரிவு நடத்துவது என்ற முடிவு. கடற்கரை ஊர் ஒன்றின் ஐ.டி.ஐ.யில் மரைன் ஃபிட்டர் பிரிவு வேண்டும் என்று மீனவர் சங்கம் கேட்கிறது என்று கொள்வோம். அந்தப் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறது, பாடத்திட்டமும் இருக்கிறது. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிறகு நடக்க வேண்டியவை இவை.

பாடத்திட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள கருவிப் பட்டியலை எடுத்து, கையில் இருப்பது எது, வாங்க வேண்டியது எது என்று பிரிக்க வேண்டும். பட்டறைப் பரப்பும் மின்சுமையும் விதிப்படி இருக்க வேண்டும். ஃபிட்டருக்கு 88 சதுர மீட்டரும் 3.51 கிலோவாட்டும், வெல்டருக்கு 80 சதுர மீட்டரும் 16 கிலோவாட்டும் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் நெடுங்காலம் அளவு வகுத்திருந்தார்கள். வெல்டர் மாதிரிப் பிரிவு என்றால் மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பம் போட வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே பல மாதங்கள் போய்விடும். பயிற்றுநருக்கு அந்தத் தொழிற்பிரிவில் தகுதியும், கைவினைப் பயிற்றுநர் பயிற்சியான சி.ஐ.டி.எஸ். சான்றும் வேண்டும். எல்லாம் சேர்ந்தபின் மாநில இயக்குநரகத்தின் பரிந்துரை, ஆய்வு, பயிற்சித் தலைமை இயக்குநரகத்தின் இணைப்பு அனுமதி. அனுமதி சேர்க்கைக்கு முன் வந்துவிட வேண்டும். கோடைக் கலந்தாய்வைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு போயிற்று.

இத்தனையிலும் கடினமான கண்ணி பயிற்றுநர் பணியிடம். அரசு ஐ.டி.ஐ.யில் பணியிடங்கள் தொழிற்பிரிவு வாரியாக உருவாக்கப்பட்டவை. புதிய பிரிவு என்றால் புதிய பணியிடம்; அதற்கு நிதித்துறை இசைவும் அரசாணையும் வேண்டும். பழைய பிரிவு ஒன்றை மூடி அந்த இடத்தில் புதியதைத் தொடங்கலாம் என்றால், பழைய பிரிவின் பயிற்றுநரை என்ன செய்வது? தச்சுப் பயிற்றுநரை மரைன் ஃபிட்டர் நடத்தச் சொல்ல முடியாது. அவரை வேறு ஊருக்கு மாற்ற, அங்கே காலியிடம் வேண்டும். ஆகவே சேர்க்கை குறைந்த பிரிவும் தொடர்ந்து நடக்கிறது. 'உள்ளூர்த் தேவைக்குப் பொருந்தாத பாடம்' என்று மேடையில் குறைசொல்கிறவர்கள் பாடத்திட்டத்தைத்தான் குறிவைக்கிறார்கள். அடைப்பு இருப்பது பணியிட அட்டவணையில்.

இந்த ஒரு முடிச்சை மாநில அரசு தானே அவிழ்க்க முடியும். பணியிடங்களை ஐ.டி.ஐ. வாரியாகப் பூட்டிவைக்காமல் மாவட்டத் தொகுப்பாக வைத்து, ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒப்பந்தப் பயிற்றுநர் நாட்களைக் கொடுத்து, அதை எந்தப் பிரிவுக்குப் பயன்படுத்துவது என்று குழுவிடம் விட்டாலே பாதி வேலை முடியும். 2007 ஒப்பந்தமும் காலியிடங்களைக் குழு ஒப்பந்த முறையில் நிரப்பிக்கொள்ள இடம் கொடுத்தது. ஆனால் சம்பளம் குழுவின் கையிருப்பிலிருந்து போக வேண்டியிருந்ததால், வட்டி வருமானத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மேல் தாங்கவில்லை.

தமிழ்நாடு 2022இல் எடுத்த வழி இதற்கு நேர் எதிர்த் திசை. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களைத் 'தொழில் 4.0' மையங்களாக்கும் திட்டம். செலவு சுமார் 2,877 கோடி ரூபாய். தொழில்துறை ரோபோடிக்ஸ், மின்வாகன மெக்கானிக், மேம்பட்ட சி.என்.சி. போன்ற புதிய பிரிவுகள் ஒரே தொகுப்பாக வந்தன. தனித்தனியாக 71 குழுக்கள் பேரம் பேசியிருந்தால் இந்த இயந்திரங்கள் இந்த வேகத்தில் வந்திருக்காது. அதை மறுக்க முடியாது. மையப்படுத்திய கொள்முதலின் வலிமை அது. ஆனால் கார் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊருக்கும் நெல்லும் தென்னையும் சூழ்ந்த ஊருக்கும் ஏறக்குறைய ஒரே பிரிவுகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ரோபோ ஒன்றின் சர்வோ மோட்டார் பழுதானால் அதைச் சரிசெய்யும் பணமும் முடிவும் எங்கே இருக்கும் என்பதில்தான் இந்த முதலீட்டின் அடுத்த பத்தாண்டு இருக்கிறது. முதல் பத்தியில் சொன்ன லேத் மோட்டாருக்கு எதிர்த்தெருவில் கடையாவது இருந்தது.

வேறு இடங்களில் எப்படி

கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டடமும் பராமரிப்பும் மாவட்ட ஊராட்சிகளிடம் போயின. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் மாநிலத்திடமே இருந்தன. கட்டாய வயதைக் கடந்த வகுப்புகளுக்கும் உள்ளாட்சி பொறுப்பேற்க முடியும் என்பதை அது காட்டியது. ஆய்வுக்கூடம், கழிப்பறை, கணினி அறை போன்றவற்றில் பலன் தெரிந்தது. ஆசிரியர் வருகிறாரா, என்ன நடத்துகிறார் என்பதில் உள்ளாட்சிக்குப் பிடி இல்லை. பணம் கைக்கு வந்தது, ஆள் வரவில்லை.

இங்கிலாந்தின் பாதை வேறு பாடம் சொல்கிறது. அங்கே தொழிற்கல்லூரிகள் நெடுங்காலம் உள்ளூர்க் கல்வி ஆணையங்களின் கீழ் இருந்தன. 1993 ஏப்ரல் 1 அன்று ஒவ்வொரு கல்லூரியும் தனிச் சட்ட நிறுவனமாக்கப்பட்டது. நிதி ஒரு மத்தியக் குழுவிடமிருந்து வரத் தொடங்கியது. கல்லூரிக்குச் சுதந்திரம் வந்தது, வட்டாரத்துக்கு இருந்த பிடி போயிற்று. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வந்த நிதிக்காகப் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் ஒரே பாடத்தில் போட்டி போட்டன. 2019 ஆகஸ்டில் வயதுவந்தோர் கல்வி நிதி லண்டனுக்கும், மேயர் தலைமையிலான ஆறு கூட்டு ஆணையங்களுக்கும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் வேலையோடு சேர்ந்த அப்ரண்டிஸ் பயிற்சிக்கான நிதி மையத்திலேயே நின்றது. கல்லூரியின் தன்னாட்சியும் வட்டாரத்தின் அதிகாரமும் இரண்டு வேறு பொருள்கள் என்பதை அவர்கள் கால் நூற்றாண்டு செலவழித்துக் கற்றார்கள். நம் ஐ.எம்.சி. திட்டமும் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டது.

ஜெர்மனியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 1969இன் தொழிற்பயிற்சிச் சட்டப்படி, வட்டாரத் தொழில் வணிகக் கழகம் தேர்வுக் குழுக்களை அமைக்கிறது. ஒரு குழுவில் குறைந்தது மூன்று பேர். முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும். பாடத்தின் தரம் நாடு முழுக்க ஒன்று, அதைச் சோதிப்பவர்கள் அந்த வட்டாரத்தின் தொழில்காரர்கள். முதலாளி தனக்கு வேண்டிய குறுகிய வேலையை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டுச் சான்று வாங்க முடியாதபடி தொழிலாளர் பிரதிநிதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நம் பதினோரு பேர் குழுவில் காணாமல் போன நாற்காலி இதுதான்.

எதைக் கீழே இறக்கலாம், எதை இறக்கக் கூடாது

உள்ளூரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் ஊரை அறியாதவர்கள். சேர்க்கையை உள்ளூர்க் குழுவிடம் கொடுத்தால் சாதியும் கட்சியும் உள்ளே வரும். இணையவழிக் கலந்தாய்வு மாநில அளவில் நடப்பதுதான் ஏழைப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. 20 விழுக்காட்டுச் சேர்க்கை உரிமையைத் திரும்பப் பெறலாம் என்பதே நம் கருத்து. தேர்வையும் சான்றிதழையும் கீழே இறக்கக் கூடாது. 2007க்குப் பிந்தைய பத்தாண்டில் தனியார் ஐ.டி.ஐ.க்கள் பல மடங்காகப் பெருகின. ஆய்வும் அங்கீகாரமும் தளர்ந்தபோது இயந்திரமே இல்லாத இடங்களுக்கும் அனுமதி போனது பற்றி நாடாளுமன்ற நிலைக்குழு 2018இல் கடுமையாக எழுதியது. சான்றிதழின் மதிப்பைப் போட்டியில்லாத ஓர் அமைப்பு காக்க வேண்டும்.

இறக்க வேண்டியவை வேறு: எந்தப் பிரிவு, எத்தனை யூனிட், பழுது பார்க்கும் பணம், ஒப்பந்தப் பயிற்றுநர் நியமனம், அதுவும் தகுதிப் பட்டியலை மாநிலம் தயாரித்து, அதிலிருந்து குழு தேர்ந்தெடுக்கும்படி, பட்டறை மாலையிலும் திறந்திருக்க வேண்டுமா என்ற நேர முடிவு, அப்ரண்டிஸ் இடங்களுக்கு உள்ளூர்ப் பட்டறைகளோடு பேசுவது. இவற்றுக்கு ஆண்டுதோறும் மானியமாக, திருப்பித்தர வேண்டாத பணமாக, யூனிட் கணக்கில் நிதி வர வேண்டும். தொகை சிறியதாக இருந்தாலும் ஏப்ரலில் வந்துவிட வேண்டும். மார்ச்சில் வரும் பெரிய தொகை தளவாடம் வாங்கத்தான் உதவும், மோட்டார் சரிசெய்ய உதவாது.

குழுவில் யார் என்பதும் இங்கேயே வருகிறது. மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் மாவட்டத் திறன் குழுக்கள் இருக்கின்றன. மத்திய அரசின் 'சங்கல்ப்' திட்டத்தின் கீழ் அவை மாவட்டத் திறன் திட்டங்களையும் தயாரித்திருக்கின்றன. ஆட்சியரின் மேசைக்கு வரும் நூறு கோப்புகளில் இது ஒன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடம் மாவட்டத் திட்டக் குழுவில் இருக்கிறது, அதற்கும் திறன் குழுவுக்கும் கம்பி இணைக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. ஊராட்சிகளுக்கு அதிகாரம் வேண்டும் என்றால் முதலில் ஊராட்சிகள் இருக்க வேண்டும். 2016இல் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். அந்த 27 மாவட்டங்களிலும் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பிரதிநிதிக்கு நாற்காலி கொடுக்கும் சட்டம், பிரதிநிதி இல்லாத காலத்தில் அந்த நாற்காலியில் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கிராம சபை தேர்ந்தெடுக்கும் இரண்டு பெற்றோர் என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

இப்போது வருவது

மத்திய அமைச்சரவை 2025 மே 7 அன்று ஒப்புதல் கொடுத்து, அக்டோபர் 4 அன்று 'பி.எம். சேது' என்ற பெயரில் தொடங்கப்பட்ட திட்டம் இதுவரை ஐ.டி.ஐ.க்களுக்கு வந்தவற்றில் மிகப் பெரியது: 60,000 கோடி ரூபாய். மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி. நாடு முழுவதும் 1,000 அரசு ஐ.டி.ஐ.க்கள்: 200 மைய ஐ.டி.ஐ.க்களும் அவற்றோடு இணைந்த 800 கிளை ஐ.டி.ஐ.க்களும். ஒவ்வொரு தொகுப்பையும் தொழில்துறை முன்னின்று நடத்தும் தனி நிறுவனம் ஒன்று நிர்வகிக்கும்.

ஐ.எம்.சி.யின் இரண்டு குறைகளில் ஒன்றை இது பெருமளவு சரிசெய்கிறது: அரசுகளின் பங்கு கடனாகத் தலையில் ஏறாது, தொழில்துறையும் தன் பணத்தைப் போட வேண்டும். மற்றக் குறை பெரிதாகிறது. முன்பு ஒவ்வொரு ஐ.டி.ஐ.க்கும் ஒரு குழுவாவது இருந்தது. இப்போது சராசரியாக ஐந்து ஐ.டி.ஐ.க்களுக்கு ஒரு நிறுவனம். கிளை ஐ.டி.ஐ. இருக்கும் ஊரிலிருந்து மைய ஐ.டி.ஐ. இரண்டு வட்டம் தள்ளி இருக்கலாம். கிளையில் எந்தப் பிரிவை வைப்பது, எதை மையத்துக்கு மாற்றுவது என்பதை மையத்தில் உட்காரும் இயக்குநர் குழு முடிவு செய்யும். அரசுப் பேருந்து அட்டையை நம்பி வரும் பெண்பிள்ளைக்கு எலக்ட்ரீஷியன் பிரிவு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் அவள் படிப்பு அங்கேயே நின்றுவிடும். அந்தக் கணக்கு ஆலை முதலாளியின் பார்வையில் படாது. அதைச் சொல்ல ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும்.

மாநில அரசு தன் பங்குப் பணத்தைப் போடுகிறது, கட்டடமும் நிலமும் அதனுடையவை. ஆகவே தொகுப்பு நிறுவனத்தின் விதிகளில் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டு வாங்கும் நிலையில் அது இருக்கிறது: கிளை ஐ.டி.ஐ. ஒவ்வொன்றுக்கும் உள்ளூராட்சி, பெற்றோர், தொழிலாளர் இடம்பெறும் குழு. அந்தக் குழுவின் எழுத்துப்பூர்வ இசைவில்லாமல் எந்தத் தொழிற்பிரிவையும் மூடவோ மாற்றவோ கூடாது என்ற விதி. யூனிட் கணக்கில் பழுதுபார்ப்பு நிதி நேரே கிளைக்கு.

இதற்கிடையில், ஏற்கெனவே ஐ.எம்.சி. உள்ள ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அவை 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஆண்டுக் கணக்கு பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். அரசுப் பணத்தில் நடப்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஐ.டி.ஐ.யின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரே மனுவில் கேட்க வேண்டியவை: கடந்த மூன்று ஆண்டுகளின் குழுக் கூட்டக் குறிப்புகள், நிறுவன வளர்ச்சித் திட்டத்தின் நகல், வைப்புத்தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு பாக்கி, தொழிற்பிரிவு வாரியாக அனுமதித்த இடம், சேர்ந்தவர், தேர்வெழுதியவர், தேறியவர், காலியாக இருக்கும் பயிற்றுநர் பணியிடங்கள், எந்தத் தேதியிலிருந்து காலி, இயங்காத இயந்திரங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் பழுதான நாள். மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். கடைசிப் பட்டியலை முதலில் படியுங்கள்.